எர்த் மாட்டிய இடம்

29 ஆகஸ்ட் 2025, வெள்ளி

வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அதையும் பைக் சீட்டிலேயே கழித்தாயிற்று. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருப்பாச்சூர் போய்த் திரும்ப நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. உனக்கு இது தேவையா என்று இடுப்பு கேட்கிறது.

ஆதிநாராயணன் சார் கூப்பிட்டிருந்தார். அப்பா கடைசிவரை அவர் நிலத்தில்தான் நாற்று சுமந்தார். அப்பா அவரை "ஆண்டே" என்பார். நான் "சார்" என்கிறேன். கம்பெனியில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அதனால் நாக்கில் உறுத்தவில்லை.

போன வருடம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கைக்கு இன்னும் முழு பலம் திரும்பவில்லை. வீட்டு முன்னால் அவருடைய காண்டெஸா கார் நிற்கிறது. எண்பத்தொன்பது மாடல், கரும்பச்சை. பானெட் மட்டுமே எங்கள் சமையலறை அளவு இருக்கும். நிற்கும் வண்டியில் அந்த ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் தோளும் வேண்டும்.

"டாக்டரு ஓட்டலான்னுட்டாரு இம்மானுவேலு. ஆனா ஸ்டியரிங்கு லேசா இருக்கணுமாம். என் பையன் இன்னான்றான், இத்த வித்துட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிக்கோன்றான். இத்த வுட்டா நான் வேற வண்டில கைய வெக்க மாட்டேன்."

பவர் ஸ்டியரிங் போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். நான் ஃபிட்டர், வெல்டர்; முடியும்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வீட்டு வாசலில் நின்று "முடியும்" என்று சொல்கிற சுகத்துக்காகவே சொன்னேன்.

ஆயுத பூஜைக்குள் முடிக்க வேண்டும். பூஜைக்கு மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவரே திருத்தணி மலைக்கு ஓட்டிப் போவது வழக்கமாம். போன வருடம் போகவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பாக்கியராஜோடு நாலு மணி நேரம் அலைந்தேன். பாக்கியராஜ் எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒயரிங் அவன் பொறுப்பு, ராடும் வெல்டிங்கும் என் பொறுப்பு.

ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங் செட் கிடைத்தது. ஸ்டியரிங் ராடு மேலேயே ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும். கை எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்துகிறது என்று உள்ளே ஒரு சென்சார் பார்க்கும். மோட்டார் அந்தப் பக்கமே கூடத் தள்ளும். கடைக்காரர் பேட்டரியில் மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தமில்லாமல் சுற்றியது.

கிரேஸ் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "எவன் வண்டிலயோ இருந்தத எவன் வண்டிலயோ மாட்டுவீங்களா? நான் அதுல ஏற மாட்டேம்பா."

அவள் எந்த வண்டியில்தான் நிம்மதியாக ஏறினாள்? பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கும்வரை டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டு வருவாள். கல்யாணமாகிப் பதினாலு வருடம் ஆகிறது, ஓடும் வண்டியில் அவள் கண்மூடி நான் பார்த்ததில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

முடிந்தது. எழுதிவிட்டுத்தான் ராத்திரிச் சாப்பாடு.

காலையிலிருந்து சார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். சாரின் மனைவி லட்சுமியம்மாள் அம்மா மூன்று தரம் டீ அனுப்பினார்கள். மதியத்துக்குள் பழைய ராடைக் கழற்றி, புது செட்டை பிராக்கெட் அடித்து மாட்டிவிட்டேன். மேல் ராடையும் கீழ் ராடையும் ஒரு ஸ்லீவ், அதாவது இரும்புக் குழாய்த் துண்டு, போட்டு இணைக்க வேண்டும். இரண்டு பொட்டு வெல்டு வைத்து நேர் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்து முழு செட்டையும் வெளியே எடுத்து, பெஞ்சில் வைத்துச் சுற்றி வெல்டு அடிப்பதுதான் முறை. அதற்கு மறுபடி டாஷ்போர்டு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். "யாரு தெரியுதா? நம்ம ஆசீர்வாதம் புள்ள. பெரிய கம்பெனில வெல்டரு," என்றார் சார். நாலு பேரும் பானெட் பக்கம் வந்து நின்றார்கள். வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்ப்பை கார் பாடியில் கடிக்க வைத்துவிட்டு, முகமூடியை இறக்கி, வண்டியில் இருந்தபடியே அடித்து முடித்தேன். மணி கோத்தாற்போல் வெல்டு விழுந்தது. ஒருவர் சபாஷ் என்றார்.

பாக்கியராஜ் ஒயரை இணைத்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து, சாரை உட்காரச் சொன்னேன். இடது கையை மட்டும் வைத்தார். அந்தக் கையை. ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய் வந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். "இன்னாங்க இது, ஊரு பாக்குது," என்று அம்மா அதட்டினார்கள்.

பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு இலை வைத்தார்கள். அப்பா அந்த ஹாலைப் பார்த்ததில்லை. என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

13 செப்டம்பர், சனி

கம்பெனியில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். நாலாவது ஆளிடம் ஆரம்பிக்கும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது.

19 செப்டம்பர், வெள்ளி

நட்டெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். தனியாக எடுத்துக்கொண்டு திருத்தணி ரோட்டில் ஓட்டினேன். அறுபதில் போய்க்கொண்டிருந்தது. நேர் ரோடு. ஏரிக்கரை பக்கம் வரும்போது ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது.

நான் திருப்பவில்லை.

பள்ளத்தில் விழவில்லை, டயரில் காற்று இறங்கவில்லை. என் கைக்குள்ளேயே, வேறு யாரோ கை வைத்துத் திருப்பினாற்போல் — ஒரு வெட்டு. பிறகு விட்டுவிட்டது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கிவிட்டேன். ஏரித் தண்ணீர் நாலடி தூரத்தில் கிடந்தது.

அப்புறம் இருபது கிலோமீட்டர் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமென்றே திருப்பினேன், விட்டேன், பிரேக் அடித்தேன். ஒன்றுமே இல்லை. அப்படியானால் என் பிரமையா? டயரில் இன்னும் மண் இருக்கிறதே.

"எப்டி இருக்குது?" என்றார் சார்.

"நல்லா இருக்கு சார்."

ஏண்டா அப்படிச் சொன்னே?

20 செப்டம்பர், சனி

காலை ஷிப்ட். ஷெட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் நானே சிவப்பு பெயின்ட்டில் எழுதியது: "பேரிங் வழியாக எர்த் எடுக்காதே. வெல்டு பக்கத்திலேயே கிளாம்ப் மாட்டு."

ராடில் வெல்டு அடித்தேன். எர்த்தை பாடியில் மாட்டினேன். அவ்வளவு கரண்டும் எந்த வழியாகப் போயிருக்கும்? ராடு ஏறி, மோட்டார் செட்டுக்குள் புகுந்து, பேரிங்கைத் தாண்டி, அந்தச் சென்சாரைத் தாண்டித்தான் பாடிக்குப் போயிருக்கும். சென்சார் அடிபட்டிருக்கிறது. முழுக்கச் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அன்றைக்கே தெரிந்திருக்கும். அரை உயிரோடு இருக்கிறது. நினைத்தபோது பொய் சொல்கிறது, கை இடது பக்கம் அழுத்துகிறது என்று.

போன மாதம் இதே தப்புக்கு ஒரு கான்ட்ராக்ட் ஆளை அரை நாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். அவன் பெயர்கூட நான் கேட்கவில்லை.

வண்டியில் வைத்தே ஏன் அடித்தேன்? அவசரமா, இடுப்பு வலியா? எதுவும் இல்லை. நாலு பேர் பார்த்தார்கள், அதுதான்.

22 செப்டம்பர், திங்கள்

பாக்கியராஜிடம் மட்டும் சொன்னேன். அவன் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தான்.

"பழைய சாமான் அண்ணே, அதான் பூட்ச்சுன்னு சொல்லிடு. செத்த வண்டி சாமான், அது வந்து சாட்சி சொல்லப் போவுதா? உன் பேரும் கெடாது, என் பேரும் கெடாது. வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்."

நல்ல யோசனை. அதைத்தான் நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் இதையேதான் யோசித்திருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது.

ஆனால் சாரின் மகன் அன்புசெல்வன் ஆரம்பத்திலேயே சொன்னான், பழைய சாமான் வேண்டாம் என்று. பழைய சாமான்தான் காரணம் என்றால் வண்டியை விற்றுவிடுவான். சாமான் நன்றாகத்தான் இருந்தது. நான் கெடுத்தேன்.

24 செப்டம்பர், புதன்

சோற்றில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தேன் போலிருக்கிறது. மகள் ஷைனி எழுந்து ஹோம்வொர்க் எழுதப் போனதும் கிரேஸ் கேட்டாள். சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்த வண்டில நம்ம ஷைனி ஒக்காந்துக்கினு இருந்தா, அஞ்சு நாளு சும்மா இருந்திருப்பியா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

25 செப்டம்பர், வியாழன்

போனை எடுத்தேன். வைத்தேன். நாளைக்கு நேரில் சொல்கிறேன்.

26 செப்டம்பர், வெள்ளி

பத்து மணிக்கு திருப்பாச்சூர் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வண்டி இல்லை.

"பேத்தி வந்துகிறா, காலாண்டு லீவு. திருவள்ளூருக்கு இட்டுனு போயிகிறாரு," என்றார்கள் அம்மா. பேத்தி பூமிகா, அன்புசெல்வன் மகள், ஒன்பது வயது. "முன்னாடி சீட்டுலதான் ஒக்காருவேன்னு அடம்."

போன் செய்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார், நல்ல பழக்கம். மறுபடி செய்தேன். போன் சத்தத்தில் திரும்பிப் பார்த்து அந்த நேரம் ஸ்டியரிங் இழுத்தால்? நிறுத்திவிட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு தேடலாமா? எந்த ரோடு என்று தெரியாதே. ஒன்றே முக்கால் மணி நேரம் வேப்ப மரத்தடியில் நின்றேன். ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு ஜெபம் செய்ததில்லை.

ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். பூமிகா கையில் ஐஸ்கிரீம். "தாத்தா ஒத்தக் கையில ஓட்டறாரு அங்கிள்."

"சார், ஓட்டறப்போ ஏதாவது..."

"ஒரு பேஜாரும் இல்லப்பா. வெண்ண மாரி போவுது." என் தோளில் கையை வைத்தார். "பையன் நேத்து போன்ல சொல்லிட்டான், நீயே ஓட்டுப்பா, மலைக்கு நாங்களும் வர்றோன்னு. ஒரு வருசமா என்கிட்ட அப்டி பேசல அவன். எல்லாம் உன்னாலதான்."

இதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

"பெல்ட்டு டைட்டு வெக்கணும் சார், ஆயுத பூஜ வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க," என்றேன். சிரித்தார். அவர் எடுப்பார். எனக்குத் தெரியும்.

நீ மனுசனாடா இம்மானுவேல்?

28 செப்டம்பர், ஞாயிறு

சர்ச்சில் முழங்கால் போட்டேன். ஜெபத்துக்குப் பதில் ஏரிதான் வந்தது.

30 செப்டம்பர், செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. மோட்டாருக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் போதும். ஸ்டியரிங் பழையபடி கனக்கும், இன்னும் கொஞ்சம் கூடவே கனக்கும். ஆனால் தானாக இழுக்காது. மலைக்குப் போக முடியாது. "மோட்டார் மக்கர் பண்ணுது, நான் பார்த்துக்கறேன்" என்று வண்டியைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்து, வேறு செட் மாட்டிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் ஆபத்தில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது.

கிரேஸிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பாள் என்று தெரியும்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

கம்பெனி பூஜையில் முகத்தைக் காட்டிவிட்டு, பதினொரு மணிக்கு திருப்பாச்சூரில் இருந்தேன். வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, வாசல் தூணில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அன்புசெல்வன், அவன் மனைவி அருணா, பூமிகா, அன்றைக்கு வந்த அதே ஊர்க்காரர்கள். "பெல்ட் பாக்கறேன்" என்று பானெட்டைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பூசணிக்காய் உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சார் புது வேட்டியில் ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, வாசலிலேயே வளைத்து ரோட்டுக்குத் திருப்ப வேண்டும். பழம் நசுங்கியது. ஸ்டியரிங் திரும்பவில்லை.

இதை நான் யோசிக்கவே இல்லை. அவர் மலைக்குப் போக முடியாது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வாசலில், எல்லார் எதிரிலும், அந்தக் கையை வைத்து அவர் இழுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இழுத்தார். இடது கை வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார். முகம் சிவந்துவிட்டது. வண்டி நேராகப் போய் வாழைக்கன்றில் இடித்து நின்றது. அருணா பூமிகாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்புசெல்வன் கதவைத் திறந்து, மெதுவாகத்தான் சொன்னான்: "இறங்குப்பா. போதும். இனிமே வேணாம்."

சார் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைதான் மறுபடி செத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"சார், உங்க கையி இல்ல," என்றேன். ஃபியூஸை எடுத்துக் காட்டினேன். "நான்தான் புடுங்கினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். எர்த்தை எங்கே மாட்டினேன், எங்கே மாட்டியிருக்க வேண்டும், ஏரிக்கரையில் என்ன நடந்தது. சாமான் நல்ல சாமான் என்று சொன்னேன். பாக்கியராஜ் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அன்புசெல்வன் என் சட்டையைப் பிடித்தான். பிடிக்கட்டும் என்று நின்றேன்.

"வுடுறா அவன," என்றார் சார். வண்டியிலிருந்து இறங்காமல் கேட்டார்: "எத்தினி நாளா தெரியும்?"

"பன்னெண்டு நாளா சார்."

"பன்னெண்டு நாளு." பூமிகாவைப் பார்த்தார். "கொயந்தய ஏத்திக்கினு நான் சுத்தினப்போ, நீ தெரிஞ்சே மரத்தாண்ட நின்னுனு இருந்த."

நான் ஃபியூஸை மறுபடி பாக்கெட்டில் போட்டேன்.

"போ," என்றார்.

2 அக்டோபர், வியாழன்

மலைக்குப் போயிருக்க மாட்டார்கள். கேட்கவும் ஆள் இல்லை. ஃபியூஸ் இன்னும் என் பாக்கெட்டிலேயே இருக்கிறது.

10 அக்டோபர், வெள்ளி

லீவு. எங்கேயும் போகவில்லை. பாக்கியராஜ் வந்து, "என் பேர எதுக்கு இழுத்த, சும்மா இருந்திருக்கலாம்ல," என்று திட்டிவிட்டுப் போனான். போகும்போது, புதுப்பேட்டைக்கு எப்போது போகலாம் என்று கேட்டான்.

அந்த கான்ட்ராக்ட் ஆள் பெயர் வசந்தகுமார். நேற்று கேட்டேன்.

14 அக்டோபர், செவ்வாய்

லட்சுமியம்மாள் அம்மா போன். "அவுரு பேச மாட்டேன்றாரு. வண்டியையே பாத்துக்கினு ஒக்காந்துகிறாரு. பையன் விக்க ஆள் பாக்கறான். நீ இத்த சரி பண்ணுவியா, மாட்டியா? அத்த மட்டும் சொல்லு."

பண்ணுவேன் அம்மா என்றேன். இந்த முறை அதில் சுகம் எதுவும் இல்லை. பயமாக இருந்தது.

24 அக்டோபர், வெள்ளி

ஃபியூஸ் இல்லாமல், கனத்த ஸ்டியரிங்கோடு, அன்புசெல்வன் காண்டெஸாவை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். சாவியை என் கையில் தராமல் பானெட் மேல் வைத்தான். பக்கத்து சீட்டில் சார்.

அவர் உள்ளே வருவாரா என்று தெரியாமல் வாசலில் நாற்காலி போட்டேன். கிரேஸ் அதை எடுத்து உள்ளே, ஃபேனுக்குக் கீழே போட்டாள். வந்து உட்கார்ந்தார். காபியைக் குடித்தார்.

வேறொரு செட் வாங்கி வைத்திருந்தேன். ஸ்லீவைப் பொருத்தி, பெஞ்சில் ராடை வைத்தேன். சார் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"எர்த்து எங்க மாட்டற? காட்டு."

காட்டினேன். மோட்டார் செட்டைத் தனியாகக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். வெறும் ராடு, வெல்டு விழும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி கிளாம்ப்.

"அன்னிக்கு எங்க மாட்டின?"

அதையும் காட்டினேன். குனிந்து பார்த்தார். நாற்பது வருடமாகக் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனுஷன். பார்த்து, புரிந்துகொண்டுதான் நிமிர்ந்தார். "சரி, அடி," என்றார்.

போகும்போது சொன்னார்: "ஓட்டிப் பாரு. ஒன் பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கினு ஓட்டிப் பாரு. அப்பறமா என்ன கூப்புடு."

30 அக்டோபர், வியாழன்

ஷிப்ட் முடிந்து தினமும் சிப்காட் ரோட்டில் ஓட்டுகிறேன். நானும் பாக்கியராஜும் சேர்த்து இதுவரை நானூறு கிலோமீட்டர். ஒரு வெட்டும் இல்லை. கிரேஸ் ஏறவில்லை. "நீ ஓட்றத பாக்கறதுக்கு நான் ஏற வேணாம். அவுரு ஓட்டட்டும், அப்ப ஏறுறேன்," என்கிறாள்.

7 நவம்பர், வெள்ளி

திருத்தணி போய்வந்தோம். கிரேஸ் சொன்னதைச் சாரிடம் போனில் சொன்னேன்; நானே ஓட்டறேன் என்று கிளம்பிவிட்டார்.

அன்புசெல்வன் பூமிகாவை அனுப்பவில்லை. அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை. சார் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் லட்சுமியம்மாள் அம்மா, நடுவில் கிரேஸ், ஜன்னலோரம் ஷைனி. அந்த ஏரிக்கரை வந்தபோது சார் என்னைப் பார்த்து, "இங்கியா?" என்றார். "ஆமாம் சார்." வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார். என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

மலையில் முதல் வளைவு. இடது கையை மேலே வைத்து, வலது கையைச் சும்மா ஒட்ட வைத்துத் திருப்பினார். இரண்டாவது வளைவு. நான் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிரேஸ் என்ன பாடுபடுகிறாளோ, டிரைவர் முதுகை எப்படி முறைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

தூங்கிவிட்டிருந்தாள். தலை லட்சுமியம்மாள் அம்மா தோளில் சாய்ந்திருந்தது. எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். அம்மா விரலை உதட்டில் வைத்து வேண்டாம் என்றார்கள். மலை ஏறி முடியும்வரை அந்தத் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.